சேற்றுக் குமிழியைப் பிடித்தவர்: அலெசாண்ட்ரோ வோல்ற்றாவும் புதைந்த குப்பையின் வாயுவும்

1776ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் நாட்களில், வட இத்தாலியின் மஜோரே ஏரியில், அங்கேரா என்னும் ஊருக்கு அருகே ஒருவர் கரையோரச் சேற்றைக் கோலொன்றினால் கிளறிக்கொண்டிருந்தார். நாணல் மண்டிய அந்த இடத்தில் கோல் பட்டதும் அடியிலிருந்து குமிழிகள் எழுந்து வந்தன. நீர் நிரப்பிய போத்தலொன்றைத் தலைகீழாகப் பிடித்து அந்தக் குமிழிகளை அதற்குள் வாங்கினார். வாயு ஏற ஏற நீர் இறங்கியது. பின்னர் போத்தலின் வாயில் நெருப்பைக் காட்டினார். நீல நிறச் சுவாலையொன்று பற்றி மெதுவாக எரிந்தது.

அவருக்கு அப்போது 31 வயது. பெயர் அலெசாண்ட்ரோ வோல்ற்றா. உலகம் அவரை மின்கலத்தைத் தந்தவராகவே நினைவில் வைத்திருக்கிறது. நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு பற்றரியிலும் வோல்ற்று என்ற அலகாக அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மின்கலத்துக்கு 24 ஆண்டுகள் முன்னரே, அழுகும் பொருட்களிலிருந்து எழும் எரிவாயுவைப் பிடித்து, அளந்து, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டவரும் அவர்தான். அந்த வாயுவை இன்று நாம் மீதேன் என்கிறோம்.

இலங்கையின் குப்பை மேடுகள் பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் நான் இந்த வோல்ற்றாவைத் தேடிப் போனேன். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொலன்னாவையின் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 32 பேரின் உயிரைக் குடித்தது. அதன் பின் மீதேன் என்ற சொல் கூட்டங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி அடிபட்டது. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை விட்டுவிட்டு ஊடகக் கற்கை படித்த எனக்கு அந்தச் சொல்லின் பொருள் சரியாக விளங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத ஒன்றை முதலில் கண்டுபிடித்தவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அதைத் தேடிப் போனபோதுதான், புதைந்த குப்பைக்குள் வாயு எப்படி நகர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கையே நல்ல வழி என்று தோன்றியது.

பேசாத பிள்ளை

வோல்ற்றா 1745 பெப்ரவரி 18ஆம் திகதி கோமோ நகரில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது ஒஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. பெயருக்கு உயர்குடி என்றாலும் கையில் பெரிதாக வசதியில்லாத குடும்பம். உடன்பிறந்தோரில் பலர் திருச்சபைப் பணிக்குச் சென்றனர். நான்கு வயது வரை இந்தப் பிள்ளை பேசவில்லை. மந்தமான பிள்ளை என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். ஏழு வயதளவில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தார், பிறகு தாண்டியும் சென்றார். அந்த வயதளவிலேயே தந்தையும் இறந்துவிட, சிறிய தந்தையார் படிப்பைப் பொறுப்பேற்றார்.

யேசு சபைக் குருமார் நடத்திய பாடசாலையில் படித்தபோது, இந்தக் கெட்டிக்காரப் பையனைத் தங்கள் சபையிலேயே சேர்த்துக்கொள்ள அவர்கள் விரும்பினர். குடும்பம் அவரை அங்கிருந்து எடுத்துவிட்டது. வீட்டார் விரும்பியது சட்டத்தரணித் தொழில். அவருக்கோ மின்சாரத்தில்தான் மனம். பணவசதியுள்ள நண்பர் கத்தோனி தன் ஆய்வுகூடத்தையும் நூல்களையும் திறந்துவிட்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலே, பதின்ம வயது முடிவதற்குள் பாரிஸ், டூரின் நகரங்களின் பெரிய அறிஞர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். 1774இல் கோமோவின் அரச பாடசாலையில் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு, மின்னேற்றத்தை மீண்டும் மீண்டும் எடுக்கக்கூடிய மின்காவி என்னும் கருவியைச் செம்மைப்படுத்தி ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றார்.

அங்கேராவின் சேற்றுக்கு அவர் வந்த காலம் அதுதான்.

கெட்ட காற்று என்ற நம்பிக்கை

சதுப்பு நிலத்தைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு பெரும் பயம் இருந்தது. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றைத்தான் குறிக்கிறது. சதுப்பிலிருந்து எழும் காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று படித்தவர்களும் நம்பினார்கள். இரவில் சதுப்பின் மேல் தெரியும் ஒளியைப் பேயென்று கிராமத்தார் சொன்னார்கள். எங்கள் ஊர்களில் கொள்ளிவாய்ப் பேய் என்று பாட்டிமார் சொல்லும் கதை போன்றதுதான் அதுவும்.

சில தடயங்கள் முன்பே இருந்தன. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஆழமற்ற நீர்நிலைகளின் மேற்பரப்பு தீப்பற்றுவது பற்றி பெஞ்சமின் பிராங்கிளின் எழுதியிருந்தார். வோல்ற்றாவின் நண்பரான கம்பி என்ற குருவானவர், சான் கொலம்பானோ அருகே நீரூற்றொன்றில் எரியும் காற்று வெளிவருவதைக் கண்டிருந்தார். அந்தச் செய்தி வோல்ற்றாவின் மனதில் தங்கியிருந்தது. ஆகவே அங்கேராவில் குமிழிகளைப் பார்த்தவுடன் அவர் செய்தது ஒன்றுதான்: பிடித்துப் பார்த்தார்.

பிறகு ஏரிகள், குளங்கள், வாய்க்கால்கள் என்று இடம் இடமாகச் சென்று கிளறினார். அடியில் இலைதழையும் செத்த உயிர்களும் அழுகிக் கிடக்கும் இடங்களிலெல்லாம் அதே வாயு. ஆகவே இது ஏதோ ஓரிடத்துக்கு உரிய அதிசயம் இல்லை என்றும், அழுகல் இருக்கும் இடமெங்கும் இது உண்டாகிறது என்றும் முடிவு செய்தார். கம்பிக்கு எழுதிய கடிதங்களாக இவற்றையெல்லாம் பதிவு செய்தார். அவை 1777இல் மிலானில் நூலாக வெளிவந்தன. மீதேன் என்ற பெயர் வந்ததோ அதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 1866இல்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. மூடிய பாத்திரமொன்றுக்குள் இந்த வாயுவையும் காற்றையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து, மின்பொறியால் வெடிக்க வைத்தார். உலோகத்தில் அமிலம் ஊற்றிப் பெறும் எரிவாயுவான ஐதரசனோடு ஒப்பிட்டார். சதுப்பு வாயு முழுமையாக எரிவதற்கு ஐதரசனைவிடப் பன்மடங்கு காற்று தேவைப்பட்டது. இரண்டும் வெவ்வேறு வாயுக்கள் என்பது இவ்வாறு அளவீட்டால் தெரியவந்தது. வெடிப்பின் பின் பாத்திரத்தில் எஞ்சும் வாயுவை அளந்து காற்றின் தன்மையை மதிப்பிடும் கருவியாகவும் அந்தப் பாத்திரத்தை அவர் மாற்றினார். கோமோவிலிருந்து மிலான் வரை மரக்கம்பங்களில் இரும்புக் கம்பி இழுத்து, இங்கே தரும் மின்பொறியால் அங்கே ஒரு வாயுத் துப்பாக்கியை வெடிக்க வைத்துச் செய்தி அனுப்பலாம் என்றுகூட எழுதினார். தந்தி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்திய யோசனை அது.

எரியும் தரை

1780இல் அவர் இன்னொரு இடத்துக்குப் போனார். பொலோனியாவுக்கும் புளோரன்சுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் பியற்றாமாலா என்ற ஊரில், தரையே எரிந்துகொண்டிருந்தது. எரிமலையின் வேலை, மண்ணெண்ணெயின் வேலை என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அங்கு வெளிவரும் வாயுவைச் சோதித்த வோல்ற்றா, அது சதுப்பில் தான் பிடித்த அதே வகை வாயுதான் என்று கண்டார். எரிவது தரை இல்லை; நிலத்தின் அடியில் இருந்து மண்ணின் இடுக்குகள் வழியே ஏறிவந்த வாயு, மேலே காற்றோடு கலக்கும் இடத்தில் எரிகிறது.

இன்றைய குப்பை மேடுகளைப் புரிந்துகொள்ள வோல்ற்றாவின் பணியில் எனக்கு மிகவும் உதவிய இடம் இதுதான். வாயு பிறக்கும் இடம் ஒன்று, வெளிப்படும் இடம் இன்னொன்று. இடையில் ஒரு பயணம் இருக்கிறது.

1814இல் ஹம்பிரி டேவியும் அவருடைய இளம் உதவியாளர் மைக்கல் பரடேயும் இத்தாலிக்கு வந்தபோது, அதே பியற்றாமாலாவில் வாயுவைச் சேகரித்துப் பகுப்பாய்ந்தனர். அடுத்த ஆண்டு டேவி இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகப் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுரங்கங்களில் வெடித்து உயிர்களைக் கொன்றதும் இதே வாயுதான்.

புகழ் வந்த வழி

1778 முதல் பாவியா பல்கலைக்கழகத்தில் வோல்ற்றா பௌதிகவியல் பேராசிரியராக இருந்தார். 1794இல் தெரேசா பெரெக்ரீனியை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். தவளைக் கால் துடிப்பது பற்றி பொலோனியாவின் கல்வானியுடன் நடந்த நீண்ட விவாதமே அவரை மின்கலத்திடம் கொண்டுசென்றது. மின்சாரம் விலங்கின் உடலில் இருக்கிறது என்றார் கல்வானி. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதில் இருக்கிறது என்றார் வோல்ற்றா. நாகத் தகடும் வெள்ளித் தகடும், இடையில் உப்புநீரில் தோய்த்த அட்டையும் என அடுக்கிக் கட்டிய தூணிலிருந்து தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்துக் காட்டினார். அதை 1800 மார்ச் 20ஆம் திகதி லண்டன் றோயல் சங்கத்தின் தலைவருக்குக் கடிதமாக அறிவித்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் செய்து காட்டினார். பதக்கமும் ஓய்வூதியமும் பிரபுப் பட்டமும் வந்தன.

அந்தப் புகழின் வெளிச்சத்தில் சேற்றுக் குமிழிகள் மறைந்துபோயின. பாடப் புத்தகத்தில் எமக்கும் தகடுகளின் தூண் மட்டுமே வந்து சேர்ந்தது.

மேட்டின் உள்ளே

வோல்ற்றா சேற்றில் கண்டதுதான் குப்பை மேட்டின் உள்ளேயும் நடக்கிறது. குப்பையைக் கொட்டி, அதன் மேல் மேலும் கொட்டி அமுக்கும்போது அடியில் உள்ள ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதன் பின் வேலையைப் பொறுப்பேற்கின்றன. உணவுக் கழிவும் இலைகுழையும் கடதாசியும் அவற்றுக்கு இரை. அவை வெளிவிடும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீதேன். மீதியில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. ஈரமும் வெப்பமும் கூடிய எமது நாட்டில், பாதிக்கு மேல் உணவுக் கழிவாகவே இருக்கும் குப்பையில், இது வேகமாகத் தொடங்கும். கொட்டுவதை நிறுத்திய பின்னரும் பல பத்தாண்டுகள் தொடரும்.

உண்டான வாயு அங்கேயே இருப்பதில்லை. அது நகரும் வழிகள் இரண்டு. முதலாவது அமுக்கம். உள்ளே வாயு கூடக் கூட அமுக்கம் ஏறுகிறது. குறைந்த அமுக்கம் உள்ள பக்கத்துக்கு வாயு தள்ளப்படுகிறது. இரண்டாவது பரவல். சுவாமி அறையில் கொளுத்திய சாம்பிராணி காற்றே இல்லாமலும் வீடு முழுக்கப் பரவுவது போல, செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாகவே ஊர்கிறது. மண் துகள்களின் இடைவெளி, பாறை வெடிப்பு, பழைய வடிகால், கைவிடப்பட்ட கிணறு, நீர்க்குழாய் பதித்த பள்ளம் எல்லாமே அதற்குப் பாதைதான்.

மேட்டின் மேற்பரப்பு திறந்திருந்தால் வாயுவின் பெரும்பகுதி மேலே போய்க் காற்றோடு கலந்துவிடும். மேல் மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் மீதேனின் ஒரு பகுதியைத் தின்றும் விடும். ஆனால் களிமண் போட்டு மூடினாலோ, அடைமழையில் மேல்மண் நீரால் நிறைந்து துளைகள் அடைபட்டாலோ, மேல்வழி மூடிக்கொள்கிறது. அப்போது வாயு பக்கவாட்டில் வழி தேடும். வானிலையும் இதில் ஒரு பங்காளி. புயலுக்கு முன் வெளியே வளியமுக்கம் விழும்போது, நிலத்தின் உள்ளே இருக்கும் வாயு வெளியே உறிஞ்சப்படுவது போல எழும். எமது வெப்ப வலயத்தில் புயல் இல்லாத நாளிலும் வளியமுக்கம் இரு தடவைகள் ஏறி இரு தடவைகள் இறங்குகிறது. நிலம் மெல்ல மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம்.

இது ஏட்டுக் கதை இல்லை என்பதற்கு இங்கிலாந்தின் லொஸ்கோ கிராமம் சாட்சி. டேர்பிஷயர் பகுதியில் உள்ள அந்த ஊரில், செங்கல்லுக்காகக் களிமண் தோண்டிய பழைய குழியைக் குப்பையால் நிரப்பி, களிமண்ணால் மூடியிருந்தார்கள். 1986 மார்ச் 24ஆம் திகதி அதிகாலை, அருகிலிருந்த மாடியில்லா வீடொன்று வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் காயங்களோடு தப்பினர். குப்பையிலிருந்து எழுந்த மீதேன், பாறை வெடிப்புகள் வழியே சென்று அந்த வீட்டின் தரைக்குக் கீழ் சேர்ந்திருந்தது. வெடிப்புக்கு முந்திய 7 மணித்தியாலங்களில் வளியமுக்கம் 29 மில்லிபார் வீழ்ந்திருந்தது என்பதை விசாரணை கண்டறிந்தது. பிரித்தானியாவில் மூடப்பட்ட குப்பை நிலங்களைப் பார்க்கும் பார்வை அதன் பின் மாறியது.

மீதேன் எந்தக் கலவையிலும் வெடிப்பதில்லை. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இருந்தால் மட்டுமே வெடிக்கும். அதற்குக் குறைந்தால் எரியாது, கூடினால் எரியக் காற்று போதாது. திறந்த வெளியில் அது ஆபத்தான அளவை எட்டுவது அரிது. மூடிய அறையில், நிலத்தடி அறையில், வடிகாலுக்குள் எட்டுவது எளிது. கலவையின் அளவு முக்கியம் என்பதைத்தான் வோல்ற்றா தன் பாத்திரத்துக்குள் வெடிக்க வைத்து வெடிக்க வைத்துக் கற்றார்.

எமது மேடுகள்

மீதொட்டமுல்லவில் அன்றைய அழிவு, சரிந்து விழுந்த பாரத்தால் வந்தது. மழை, மிதமிஞ்சிய உயரம், தாங்கமாட்டாத சதுப்புத் தரை என்று காரணங்கள் பேசப்பட்டன. வாயுவின் கதை அதிலிருந்து வேறானது, மெதுவானது. 2009இல் புளுமெண்டல் மேடு மூடப்பட்டது. கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. 2017இல் அதுவும் மூடப்பட்டது. குப்பை முத்துராஜவெல சதுப்பை அண்டிய கெரவலப்பிட்டிக்கும், பின்னர் புத்தளம் அருவக்காட்டுக்கும் போனது. ஒவ்வொரு தடவையும் செய்தி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நாங்களும் ஒலிவாங்கியோடு அதன் பின்னாலேயே போய்விடுகிறோம். மூடிய மேடு செய்தியிலிருந்து விழுந்துவிடுகிறது. அதன் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எமது நகரங்கள் குப்பை கொட்டத் தேடுவது பெரும்பாலும் தாழ்நிலத்தையும் சதுப்பையும்தான். வோல்ற்றா கோலால் கிளறிய அதே வகை நிலம். தன்பாட்டில் மீதேன் உண்டாக்கும் சேற்றின் மேல், மீதேன் உண்டாக்கும் குப்பையைக் குவித்திருக்கிறோம். அதன் ஓரத்தில் குடியிருப்பவர்கள் வேறு இடம் போக வசதியில்லாதவர்கள்.

யாழ்ப்பாணத்தின் கல்லுண்டாய் மேட்டில் தீ மூளும்போதெல்லாம் யார் வைத்தார்கள் என்று கேட்கிறோம். யாரும் வைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தீ அடங்காமல் நாட்கணக்கில் உள்ளே புகைவதற்கு என்ன இரையாகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

அயலில் வசிப்போர் முறையிடுவது பெரும்பாலும் மணத்தைப் பற்றி. அந்த மணம் ஐதரசன் சல்பைட்டு போன்ற, மிகச் சிறிதளவே இருக்கும் வாயுக்களுடையது. மீதேனுக்கு மணம் இல்லை. ஆகவே மணம் போய்விட்டது என்பது வாயு போய்விட்டது என்பதற்கு ஆதாரமாகாது. அதேபோல, மணக்கிறது என்று ஒரு தாய் சொல்வதை எந்த அலுவலகமும் எண்ணாக எழுதிக்கொள்வதும் இல்லை. எண் இல்லாத முறைப்பாடு கோப்பிலேயே உறங்கிவிடுகிறது.

அளந்து பார்த்தல்

வோல்ற்றா 1819இல் ஓய்வு பெற்று, கோமோவுக்கு அருகே கம்னாகோவில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். ஒரு மகனை இளம் வயதிலேயே இழந்திருந்தார். ஆரவாரம் இல்லாமல் குடும்பத்தோடு வாழ்ந்து, 1827 மார்ச் 5ஆம் திகதி, 82ஆவது வயதில் காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ற்று என்ற அலகை ஏற்றுக்கொண்டது.

சதுப்பின் காற்று காய்ச்சலைத் தருகிறது என்ற அந்தக் காலத்து நம்பிக்கை பிழை. காய்ச்சலைக் கொண்டுவந்தது நுளம்பு. தம் காலத்து அறிவின் எல்லைகள் வோல்ற்றாவுக்கும் இருந்தன. ஆனால் பயத்துக்கும் பேய்க் கதைக்கும் உரியதாக இருந்த ஒன்றை அவர் போத்தலில் பிடித்து எண்ணாக மாற்றினார். வெறுங்கோலும் போத்தலும் அதற்குப் போதுமாக இருந்தன.

மூடிய குப்பை மேட்டைச் சுற்றி இன்று தேவைப்படுவதும் பெரிய காரியம் இல்லை. மேட்டின் எல்லைக்கும் வீடுகளுக்கும் இடையில் நிலத்தில் துளையிட்டு இறக்கிய சில குழாய்கள். ஒழுங்காக, அதிலும் மழைக்காலத்திலும் வளியமுக்கம் விழும் நாட்களிலும் தவறாமல், அவற்றில் எடுக்கும் வாயு அளவீடு. வாயுவை வெளியேற்றும் அல்லது எரித்துவிடும் ஏற்பாடு. அந்த மேட்டின் மேல் பூங்காவோ கட்டடமோ வருமுன் அளவீடுகளைப் பார்க்கும் ஓர் அதிகாரி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண்களை அயலவர்கள் வாசிக்கக் கூடியவாறு வெளியிடுதல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் எம்மிடம் இருக்கிறது. மூடிய மேட்டுக்குப் பக்கத்தில் வீடுள்ள எவரும் உள்ளூராட்சி சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, கடைசியாக வாயுவை அளந்த திகதியையும் அளவையும் கேட்கலாம். பதில் வந்தால் ஓர் எண் கிடைக்கும். அளக்கவே இல்லை என்று பதில் வந்தால், அதுவும் எழுத்தில் கிடைத்த ஒரு பதில்தான்.